அடுத்த நிறுத்தத்தில் சொல்கிறேன்

அவளுடைய அப்பா இறந்துவிட்டார் என்பது இந்த வேனில் எனக்கு மட்டும்தான் தெரியும். முன்னால் போகிற வண்டிக்குள் இருக்கிற அவளுக்குத் தெரியாது, வெகு தூரம் முன்னால் வழி பார்த்துப் போகிற எங்கள் இன்னொரு வேனில் இருக்கிற இரண்டு பயல்களுக்குத் தெரியாது, பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிஜாமுக்குத் தெரியாது, பின் சீட்டில் ஈரத்துண்டை முகத்தில் போட்டுப் படுத்திருக்கும் சிபிக்குத் தெரியாது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வருகிறேன், அவள் வேகத்தைக் குறைத்தால் குறைக்க வேண்டும், கூட்டினால் கூட்ட வேண்டும், பின்தொடர்கிறவனுக்கு வேறு வேலை இல்லை, கைக்கும் காலுக்கும் வேலை இருக்கிறது, மனசுக்கு இல்லை, அதுதான் இப்போது கஷ்டம். வண்டி என்று சொல்கிறோம், பார்த்தால் வண்டி மாதிரியா இருக்கிறது, ஒரு பெரிய கட்டிலைத் தட்டையாக்கி, மேலே முழுக்க சோலார் சில்லுகளை ஒட்டி, ஓரமாக ஒரு கண்ணாடிக் குமிழை வைத்து, அதற்குள் ஒரு பெண்ணை உட்காரவைத்து, பெட்ரோல் கிடையாது, டீசல் கிடையாது, வெயிலைத் தின்றுகொண்டே இந்தக் கண்டத்தின் வடக்குக் கரையிலிருந்து தெற்குக் கரை வரைக்கும் போ என்று விட்டிருக்கிறோம். இசக்கியம்மாள். கடைசி வருஷம் மெக்கானிக்கல். தூத்துக்குடிப் பிள்ளை. முதல் நாள் இந்தச் செம்மண்ணைப் பார்த்துவிட்டு, சார், நம்ம தேரிக்காடு மாதிரியே இருக்கு, ஆஸ்திரேலியான்னு பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டீங்களா என்றாள், எல்லோரும் சிரித்தோம். இருபக்கமும் அதே மண்தான் இப்போதும் ஓடுகிறது, மஞ்சள் புல், ஆள் உயரக் கறையான் புற்று, ரோட்டோரத்தில் அடிபட்டு உப்பிக் கிடக்கிற கங்காரு, அதன்மேல் உட்கார்ந்திருக்கிற கழுகு நாங்கள் பக்கத்தில் வரும்வரை எழுவதில்லை, எழுந்தாலும் அவசரமில்லாமல்தான் எழுகிறது.

காலையில் ஒரு பெட்ரோல் பங்கில் கட்டாய நிறுத்தம். இந்தப் பந்தயத்தில் வழியில் சில இடங்களில் அரை மணி நேரம் நின்றே ஆக வேண்டும், டிரைவரை மாற்றிக்கொள்ளலாம், வண்டியின் மேலே உள்ள சோலார் பேனலைத் தூக்கி வெயிலுக்கு நிமிர்த்திப் பிடிக்கலாம், வேறு எதையும் தொடக் கூடாது. அங்கேதான் டவர் கிடைத்தது, அங்கேதான் போன் வந்தது. சார், நான் சங்கரபாண்டி பேசுதேன், இசக்கிக்குத் தாய்மாமன், மச்சான் போயிட்டாவ சார். எங்கே போயிட்டார் என்று கேட்டேன். படித்தவன், வாத்தியார், எங்கே போயிட்டார் என்று கேட்டேன். விடியக்காலம் லோடு எடுக்கப் போணும்னு எந்திரிச்சிருக்காவ, நெஞ்சப் பிடிச்சிட்டுக் கட்டில்ல உக்காந்தவியதான் சார் என்றார். பின்னால் பெண்களின் அழுகை கேட்டது, யாரோ நாற்காலிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. பன்னெண்டு மணிக்கு எடுத்திருவோம் சார், நாளைக்கு நாள் சரியில்லன்னு பெரியவிய சொல்லுதாவ, பிள்ளையால வர முடியாதுன்னு தெரியும், இப்பவே சொல்லிருங்க, போன்ல முகத்தக் காட்டிருதோம், அக்கா அதத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. நான் திரும்பிப் பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், நிழலில் உட்கார்ந்து டப்பாவில் எலுமிச்சம்பழச் சாதம் தின்றுகொண்டிருந்தாள், ஊறுகாய் இருக்கா நிஜாம் என்று கேட்டாள். சிபி அந்தப் பக்கம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான், அடுத்து அவன் ஓட்ட வேண்டிய முறை. இரண்டே பேருக்குத்தான் ஓட்ட அனுமதி. இவளிடம் சொன்னால் இவள் ஓட்ட மாட்டாள், அவனால் ஓட்ட முடியாது, வண்டி அங்கேயே நிற்கும். அடுத்த நிறுத்தத்துல சொல்றேன் என்று என் வாய் சொன்னது. அங்க இதைவிட நல்ல டவர் இருக்கு, பன்னெண்டுக்கு ரொம்ப முன்னாடியே போயிருவோம், நானே போன் போட்டு அவகிட்ட குடுக்கிறேன். சங்கரபாண்டி கொஞ்சம் யோசித்தார். சரி சார், நீங்க பாத்துச் செய்யுங்க. அப்படித்தான் சொன்னார், நீங்க பாத்துச் செய்யுங்க. அவள் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு குமிழுக்குள் இறங்கினாள், மூடியை நான்தான் மூடினேன்.

என் கைக்கடிகாரம் இன்னும் இந்திய நேரத்தில்தான் ஓடுகிறது. வந்த அன்றே மாற்றியிருக்க வேண்டும், ஊரில் மகள் மஞ்சு பள்ளிக்கூடத்தில் இருப்பாளா, மனைவி மல்லிகா தூங்கியிருப்பாளா என்று பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது அதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. பார்க்கிறேன். ஒன்பது தாண்டியிருக்கிறது. நிறைய நேரம் இருக்கிறது. பாடையைக் கட்டத் தொடங்கியிருப்பார்களா, இல்லை, இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். ஒரே ஒரு தடவைதான் அவரைப் பார்த்திருக்கிறேன், வேலாண்டி, உப்பு லாரி ஓட்டுகிறவர், விமான நிலையத்துக்குக் காக்கிச் சட்டையோடு வந்திருந்தார், மற்ற பெற்றோர்கள் என் கையைப் பிடித்து என்னென்னவோ சொன்னபோது இவர் தூரத்தில் நின்று அவளுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டே இருந்தார், கடைசியில் அவள் பிடுங்கிக்கொண்டாள். என்னிடம் வந்து, பிள்ளை லாரிய நல்லா ஓட்டுவா சார், இத எப்படின்னு எனக்குத் தெரியாது என்றார். அவ்வளவுதான் பேசினார். வாக்கி டாக்கி கரகரக்கிறது. சார், எதுக்க பெரிய லாரி வருது. மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு ரயில் மாதிரி வருகிற லாரி, இந்த ரோட்டில் எங்களுக்கு இருக்கிற பெரிய ஆபத்து அதுதான், கடக்கும்போது அது தள்ளுகிற காற்றில் எங்கள் வண்டி காகிதம்போல ஒதுங்கும். ஸ்டியரிங்க இறுக்கிப் பிடி, ஓரம் போகாத. பிடிச்சிருக்கேன் சார். அது வந்து, கடந்து, வேனே ஒரு தடவை ஆடுகிறது, அவள் வண்டி லேசாக இடதுபக்கம் விலகி மறுபடி கோட்டுக்கு வருகிறது. சிரிக்கிறாள். எத்தன சக்கரம் சார் அதுக்கு, எங்கப்பா பாத்தா எண்ணிட்டுத்தான் மறுவேலை பாப்பாவ. அடுத்தது வந்தா நிஜாம வீடியோ எடுக்கச் சொல்லுங்க, அப்பாக்கு அனுப்பணும். நிஜாம் என்னைப் பார்க்கிறான், பதில் சொல்லுங்க என்பதுபோல. நான் பொத்தானை அழுத்துகிறேன். எடுக்கச் சொல்றேம்மா.

எடுக்கச் சொல்றேம்மா. இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது. என் பெரியப்பாவிடமிருந்து வருகிறது. மதுரையில் விடுதியில் இருந்தேன், தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தால் பெரியப்பா மரத்தடியில் நிற்கிறார், எப்படி எழுதின ஞானம் என்றார், நல்லா எழுதினேன் என்றேன், வா ஊருக்குப் போயிட்டு வருவோம், அம்மாக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல என்றார். பஸ் நிலையத்தில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். நல்ல பசி. இன்னும் இரண்டு சொல்லவா என்றார், சொல்லுங்க என்றேன், அவர் தின்னவில்லை, நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருமுனையில் இறங்கியபோது வாசலில் பந்தல் இருந்தது, அதைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், கட்டிக்கொண்டிருக்கவில்லை, பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எத்தனையோ வருஷம், அவருடைய சாவு வரைக்கும், அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பரீட்சை முடியட்டும்னுதான் ஞானம் என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. எனக்கு அம்மா முகம் நினைவிருக்கிறது, ஆனால் அந்த பரோட்டாவின் ருசியும் நினைவிருக்கிறது, இரண்டும் ஒன்றை ஒன்று விடுவதில்லை. இவள் ஊறுகாய் கேட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியப்பாவாவது தனியாக முடிவு செய்யவில்லை, வீட்டில் எல்லோரும் சேர்ந்து அனுப்பினார்கள். எனக்கு இவளுடைய மாமன் தெளிவாகச் சொன்னார், இப்பவே சொல்லிருங்க என்று. அணிக்காகத்தான் என்று சொல்லிக்கொள்கிறேன், பிள்ளைகள் விடுமுறை இல்லாமல் பட்டறையில் கிடந்து செய்த வண்டி, சிபியுடைய விரல் நுனி போனது இதில்தான், நிஜாம் தன் அக்கா கல்யாணத்துக்கே ஒருநாள்தான் போனான். எல்லாம் உண்மை. ஆனாலும் அந்தச் சொல்லைக் கொஞ்சம் புரட்டினால் அடியில் நான் இருக்கிறேன். கடலைப் பார்க்க வேண்டும் எனக்கு. அந்தத் தெற்குக் கடலுக்கு முன்னால் இந்த வண்டி போய் நிற்க, பக்கத்தில் நான் நிற்க வேண்டும்.

சார், மேகம் என்கிறான் நிஜாம். மேற்கே ஒரு சாம்பல் விளிம்பு, முதலில் மலை என்று நினைத்தேன். இங்கே மலை ஏது. கொஞ்ச நேரத்தில் அது எழுந்து ரோட்டின் மேல் வந்துவிட்டது, தெளிவான கோடு, இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் மங்கல், அவள் வண்டி மங்கலுக்குள் நுழைந்ததும் நிஜாமின் திரையில் எண்கள் சரிந்தன. வேகத்தக் குறைக்கச் சொல்லணும் சார், இப்படியே போனா பேட்டரி போயிரும். கடிகாரம் பத்தரையைத் தாண்டிவிட்டது. குறைத்தால் எப்போது போய்ச் சேருவோம். நிஜாம் கணக்குப் போட்டுச் சொல்கிறான், பதினொன்னே முக்கால் ஆகும் என்று எனக்கு நானே மாற்றிக்கொள்கிறேன், இந்திய நேரத்துக்கு. பதினொன்னே முக்கால். அது போதும், கால் மணி நேரம், முகத்தைப் பார்க்கக் கால் மணி நேரம் போதாதா. போதாது. எதிர்க்காற்று வேறு. வேகத்தக் கூட்டச் சொல்லு என்கிறேன். நிஜாம் திரும்பிப் பார்க்கிறான். சார்? கூட்டச் சொல்லு. கூட்டினா நாளைக்கு என்ன சார் செய்றது, நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, மேகத்துக்குள்ள மெதுவாப் போகணும்னு. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நாளைக்குள்ளத நாளைக்குப் பாத்துக்கலாம் நிஜாம். உங்களுக்கு என்னாச்சு சார், உடம்பு சரியில்லையா. வாக்கி டாக்கியை அழுத்தி நானே சொல்கிறேன், இசக்கி, எண்பதுக்குப் போ.  மேகம் வந்தா அறுபதுன்னு நிஜாம் சொல்லிருக்கானே சார் என்கிறாள். எண்பது. சரி சார், நீங்க சொன்னா சரிதான். சிபி துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்கிறான், முகம் வெளுத்திருக்கிறது, பிள்ளைகள் இருவரும் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். என்ன நினைப்பார்கள். ஏதாவது நினைக்கட்டும். காரணத்தைச் சொன்னால் இந்த நிமிஷமே இரண்டு பேரும் சார், நிறுத்துங்க என்பார்கள், எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை என்பதும் தெரியும்.

ஒரு சின்ன வெடிப்புச் சத்தம், அவள் வண்டி ஒருபக்கம் இழுத்து, தடுமாறி, ஓரமாக நிற்கிறது. முன் டயர். ஓடிப்போய் மூடியைத் திறக்கிறோம், உள்ளிருந்து அடுப்பைத் திறந்த மாதிரி வெக்கை வருகிறது, அவள் முகமெல்லாம் வியர்வை, வேகம் தாங்கல சார், சூடாகிப் போச்சு என்று தன்மேல் தப்பு இருப்பதுபோலச் சொல்கிறாள். பயல்கள் டயரை மாற்ற உட்கார்ந்துவிட்டார்கள். அவள் ரோட்டில் நின்று தண்ணீர் குடிக்கிறாள். இங்கே டவர் இல்லை, நாலு பக்கமும் ஒன்றுமில்லை, ஆனால் வேன் இருக்கிறது. வேனில் அவளை ஏற்றிக்கொண்டு நூறில் போனால் பன்னிரண்டுக்கு முன்னால் அந்த ஊருக்குப் போய்விடலாம். வண்டியை இங்கேயே விட்டுவிட்டு. பின்தொடரும் வேன் இல்லாமல் வண்டி நகரக் கூடாது, விதி. நகர வேண்டாம். இங்கேயே நிற்கட்டும், இரண்டு மணி நேரம் போனால் போகட்டும், பந்தயத்தில் பின்தங்குவோம், அவ்வளவுதான், செத்தா போவோம். எளிதான கணக்கு. இவ்வளவு எளிதான கணக்கு காலையிலிருந்து ஏன் தோன்றவில்லை. இசக்கி என்கிறேன். என்ன சார். நல்ல கண்கள், உப்பு அப்பிய இமை. சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கின் மேல்தான் இருக்கிறது, அப்பா என்கிற ஒரே வார்த்தை, அதைச் சொன்னால் மற்றதை அவளே புரிந்துகொள்வாள். நீ... கொஞ்சம் உப்புத் தண்ணி குடிம்மா. குடிச்சாச்சு சார். முடிஞ்சிட்டு சார் என்று நிஜாம் கத்துகிறான், இவ்வளவு சீக்கிரமா, ஏன் இவ்வளவு சீக்கிரம் முடித்தாய் நிஜாம், இவள் ஓடுகிறாள், காலை உள்ளே நுழைத்துவிட்டாள், சார் மூடுங்க என்கிறாள். மூடுகிறேன்.

மேகம் விலகவில்லை. பேட்டரி தாழ்ந்து தாழ்ந்து இப்போது எண்பதைக் கேட்டாலும் அது போகாது, நாற்பதில் ஊர்கிறது, ரோடு நீண்டுகொண்டே இருக்கிறது. பதினொன்றே கால். அவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போயிருப்பார்கள். பதினொன்றரை. கண்ணாடிக் குமிழுக்குள் அவளுடைய ஹெல்மெட்டின் உச்சி மட்டும் தெரிகிறது, அது லேசாக ஆடுகிறது, தாளம் போடுகிறாள், தூக்கம் வராமலிருக்க ஏதோ பாடிக்கொண்டு வருகிறாள், நான் நடுவில் பொத்தானை அழுத்தவில்லை. பன்னிரண்டுக்கு எடுக்கிறோம் என்றால் பன்னிரண்டுக்கா எடுப்பார்கள், எந்த ஊரில் எடுத்திருக்கிறார்கள், ஒன்றாகும், யாராவது வர வேண்டியவர்கள் இருப்பார்கள், சங்கு ஊதுகிறவன் வர மாட்டான், ஒன்றாகிவிடும். பன்னிரண்டு. அவள் அப்போதும் பாடிக்கொண்டுதான் வந்தாள். எதுவும் மாறவில்லை, ரோடு மாறவில்லை, புல் மாறவில்லை. கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சார், மணி என்ன சார் ஊர்ல என்று சிபி கேட்டான், எதற்கோ, வீட்டுக்குப் போன் போட நினைத்திருப்பான். தெரியலப்பா என்றேன்.

ஊர் வந்தது. ஊர் என்றால் ஒரு பங்க், ஒரு சாராயக் கடை, தண்ணீர்த் தொட்டி, உயரமான டவர். நாங்கள் நின்றதும் மேகம் விலகி, சாய்ந்த வெயில் எல்லாவற்றின் மேலும் அடித்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, எத்தனை அழைப்புகள், கடைசியில் ஒரு குரல் செய்தி. வேனுக்குப் பின்னால் போய்க் காதில் வைத்தேன். சங்கரபாண்டியின் குரல் களைத்திருந்தது. அரை மணி நேரம் பொறுத்தோம் சார். அக்கா தூக்க விடல, பிள்ளை லைன்ல வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அதுக்கு மேல முடியல. இப்ப எடுத்தாச்சு. வேறு ஒன்றும் இல்லை, திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அவள் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, தலைமுடியை உதறிக்கொண்டிருந்தாள். போய் முன்னால் நின்றேன். இசக்கி, அப்பா இறந்துட்டாரும்மா. அவள் என்னைப் பார்த்தாள். யாரோட அப்பா சார் என்றாள்.  பிறகு, எப்ப என்றாள். காலைல. நெஞ்சு வலி. எப்ப எடுக்காவ. எடுத்துட்டாங்கம்மா. அவள் ஹெல்மெட்டைத் தரையில் மெதுவாக வைத்தாள், கவிழ்ந்துவிடாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். காலைல நின்னோமே ஒரு பங்க்ல, அப்பவே உங்களுக்குத் தெரியுமா சார். தெரியும் என்றேன். அவள் தலையசைத்தாள், பாடம் ஒன்று புரிந்ததுபோலத் தலையசைத்தாள். போனைக் குடுங்க என்று கையை நீட்டினாள்.

கம்பிவேலி ஓரமாக நடந்துகொண்டே அவள் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை, ஒரு தடவை மட்டும் யம்மா, யம்மா, அழாத, என்ன சட்டைம்மா போட்டிருந்தாவ, என்பது கேட்டது. பிறகு உட்கார்ந்துவிட்டாள். நிஜாம் அழுதான். சிபி என்னைப் பார்க்கவேயில்லை, ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான், இனி அவன்தான் ஓட்ட வேண்டும். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைத் தேடினேன், அணிக்காக, சிபிக்கு முடியல, மேகம், டயர், எல்லாம் வரிசையாக வந்து நின்றன, எதையும் எடுக்க முடியவில்லை. பேனலைத் தூக்கணும் என்று நிஜாம் யாரிடம் என்றில்லாமல் சொன்னான், நிற்கிற நேரத்தில் அதை வெயிலுக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தால் பேட்டரிக்குக் கொஞ்சமாவது ஏறும், பிடிக்க நாலு பேர் வேண்டும், எங்களுக்கு முன்னால் போகிற வேனில் இருந்த இரண்டு பயல்கள் வந்து சேர்ந்தார்கள். அவள் வேலியிலிருந்து எழுந்து வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள். நீ இரு அக்கா, நாங்க பாத்துக்கிடுதோம் என்றான் ஒருவன். பிடிலே என்று அவனிடம் சொல்லிவிட்டு ஒரு மூலையைப் பிடித்தாள், பேனல் எழுந்து கறுப்புச் சுவர்போல நின்றது, அதற்குப் பின்னால் அவள் மறைந்துவிட்டாள், மேல் விளிம்பில் அவளுடைய விரல்கள் மட்டும் தெரிந்தன. நான் அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றேன். இசக்கி என்றேன்.  இசக்கி, நான்... என்றேன். சார் என்றாள் அவள் அந்தப் பக்கமிருந்து, சாதாரணமான குரலில். நகருங்க சார். பேனல்ல நிழல் விழுது. நான் ஒரு பக்கமாக நகர்ந்தேன். இன்னும் என்றாள். ரோட்டைவிட்டு இறங்கி, முழங்கால் உயரப் புல்லுக்குள் போய் நின்றேன். இன்னும் கொஞ்சம் சார் என்றாள்.